தேர்வுக்கு வைத்த அழுக்கு

கல்லூரியின் பயிற்சி ஓட்டலில் செய்முறைத் தேர்வு. ஓர் அறையை வேண்டுமென்றே அழுக்காக்கி வைப்பார்கள்; நாங்கள் சுத்தம் செய்ய வேண்டும். இதில் தேறாவிட்டால், நாடு விட்டு நாடு வந்து படித்த சுற்றுலா மேலாண்மை அம்போதான்.

திறந்திருந்த கதவுக்குள் பார்த்ததுமே இதுதான் என்று புரிந்தது. தலையணையில் வெட்டிப்போட்ட கால் நகங்கள். ஷூ துடைத்த துண்டு. குளியல் தொட்டியில் நரைமுடிக் கொத்து.

"ஐயே! நகத்தையெல்லாம் யார்கிட்டடி கேட்டு வாங்கினாங்க?" வாசலில் நின்ற தோழி மூக்கைப் பொத்தினாள்.

"மார்க்கு வேணுமே, பேசாம போடி."

எல்லாவற்றையும் வாரினேன். கட்டிலருகே டம்ளர் தண்ணீரில் ஒரு பல்செட். அதையும் குப்பைப் பையில் கொட்டினேன்.

வாயைக் கையால் மூடியபடி பேராசிரியர் உள்ளே வந்தார். எங்களுக்குச் சுகாதாரப் பாடம் எடுப்பவர்; தேர்வு அறையைத் தயார் செய்பவரும் அவரே.

"இங்க என்னம்மா பண்றே? பரீட்சை ரூம் எதிர்ல இருக்கு. இது நான் தங்கியிருக்கிற ரூம்! என் பல்லு எங்கே?"

பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தேன். சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"வெளியில சொல்லாதேம்மா. முழு மார்க் போட்டுடறேன்" என்று அதே பல்லால் சிரித்தார்.

தலையாட்டினேன். நகங்களைவிட அந்தத் தலையாட்டல்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

எதிர் அறையை எட்டிப் பார்த்தேன். போர்வையில் ஒரு சுருக்கம், மேசையில் ஒரு காப்பிக் கறை. எங்களைச் சோதிக்க அவர் யோசித்து யோசித்து வைத்த அழுக்கு அவ்வளவுதான்.