இடது பக்கத்து நாற்காலி

எழுந்து இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள் என்று பயிற்சி நடத்தும் மதி எத்தனை முறை சொல்லியும் ஞானம்மா அசையவில்லை.

அவள் கணவர் பாஸ்கலுக்கு இடது காது கேட்காது. துறைமுகத்தில் வேலையாக இருந்தபோது பக்கத்தில் ஏதோ வெடித்ததில் போன காது. ராயபுரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கட்டிய மனைவிக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் அவள் இடது பக்கத்து நாற்காலியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கேக்காத காதாண்ட குந்திகினு இன்னா பேசப் போறே ஞானம்? அதுக்கு ஹார்பர் கிரேனாண்ட போய் பேசலாம்" என்றார் பயிற்சிக்கு வந்திருந்த லூயிஸ். ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள்.

"வுடுங்க மேடம், அவ குந்தற எடத்துல குந்தட்டும்" என்றார் பாஸ்கல்.

மாதா கோயில் ஹாலில் நடந்த எட்டு வாரப் பயிற்சி அது. 'தம்பதியருக்கான விழிப்புணர்வு வழி மன அழுத்தக் குறைப்பு' என்று வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். பெயரைப் படித்து முடிப்பதற்குள் கொஞ்சம் மன அழுத்தம் ஏறிவிடும் என்பதாலோ என்னவோ, ஊர் அதை 'மூச்சு கிளாஸ்' என்று சுருக்கிக்கொண்டது.

முதல் வாரம் ஆளுக்கு ஓர் உலர்ந்த திராட்சை. பார்த்து, முகர்ந்து, நிதானமாக மென்று தின்ன வேண்டும் என்று மதி விளக்கி முடிப்பதற்குள் லூயிஸ் தன்னுடையதை விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்டார்.

இன்றைக்குக் காதுக்கு வேலை. இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஒருவர் மனதில் உள்ளதைப் பேச வேண்டும். மற்றவர் பதில் சொல்லக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. கேட்டால் போதும்.

இருக்கிற ஒரு காதையும் விட்டுவிட்டு இந்த அம்மாள் எங்கே போய் உட்காருகிறாள் என்று மதிக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தால் அதை வெறுமனே கவனித்து அனுப்பிவிட வேண்டும் என்பதும் அவள் நடத்தும் பாடம்தான்.

பயிற்சி தொடங்கியது. நாற்காலிகளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த மதியின் காதில் ஞானம்மாவின் தணிந்த குரல் விழுந்தது.

"நம்ம ஜானட்டுக்கு ஆம்பளப் புள்ள பொறந்துகீதுய்யா. மீஞ்சூர் ஆஸ்பத்திரில கீறா, ஆபரேசனாம், பத்து நாளு வுடமாட்டாங்களாம். பூத்துலேர்ந்து போன் போட்டேன். அவ இஷ்டத்துக்குக் கட்டிகினாளே, அந்த அசோகன்தான் கஞ்சி வச்சி எடுத்துகினு போவுதாம். பெத்தவ நானு இங்க குந்தி மூச்சு வுட்டுகினு கீறேன். ஒரு தபா பாத்துட்டு வந்துர்றேன்னு உன்னாண்ட எப்டி கேக்கறது? பேர எடுத்தாலே எயுந்து பூடுவே."

மதி பாஸ்கலின் முகத்தைப் பார்த்தாள். தூண் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் பேசும் முறை வந்தபோது, "சொல்றதுக்கு இன்னா கீது" என்பதோடு முடித்துக்கொண்டார்.

வகுப்பு கலைந்தது. ஞானம்மா டீ டம்ளர்களைக் கழுவக் குழாயடிக்குப் போனாள். மதி பாஸ்கலின் வலது பக்கமாகப் போய் நின்றாள்.

அவர் மனைவி பேசியது என்ன என்பதைச் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை, சொல்லவில்லை. இத்தனை பேருக்கு நடுவில் ஒருத்தி சுவரோடு பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்தாள், பார்க்கவே கஷ்டமாக இருந்தது என்று மட்டும் சொன்னாள். அடுத்த வாரமாவது அவர் இடம் மாறி உட்கார்ந்து நல்ல காதைக் கொடுக்க வேண்டும் என்றாள்.

"அடுத்த வாரம் வரமாட்டோம் மேடம்" என்றார் பாஸ்கல். "ஒரு தோஸ்தப் பாக்கப் போவணும். இவளையும் இட்டுகினு போறேன்."

"எங்கே?"

"மீஞ்சூரு."

மதி அவரையே பார்த்தாள். பாஸ்கல் குழாயடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வெடிச்ச புதுசுல நெசமாவே கேக்கல மேடம். கொஞ்ச மாசத்துல தானா சரியாயிடுச்சு. அதுக்குள்ள இவ இந்தப் பக்கமா குந்திப் பேசப் பழகிட்டா."

"கேட்குதுன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நிறுத்திடுவாளே. வலது பக்கம் வந்தா சோறு போடவா, லைட்ட அணைக்கவா, அவ்ளோதான் எங்க வூட்டுப் பேச்சு. இந்தப் பக்கந்தான் மிச்சம் அல்லாம் வரும். இதுக்காவ ரோட்டுல இடது பக்கம் ஹாரன் அடிச்சாகூட திரும்பறதில்ல மேடம். ஒரு தபா ஆட்டோ கால்ல ஏறிடுச்சு."

மகளை அவரே போய்ப் பார்க்கலாமே என்று மதி கேட்டாள். பாஸ்கல் சட்டைப் பித்தானைத் திருகினார்.

"அவ பேர வூட்ல எடுக்கக் கூடாதுன்னு தெருவே கேக்கக் கத்தனவன் நானு. இப்ப எந்த மூஞ்சிய வச்சிகினு போறது?"

"அப்போ மீஞ்சூர்ல அந்த தோஸ்து?"

"அப்டி ஒருத்தனும் இல்ல. வண்டிய வுட்டு எறங்கனதும், நான் அவனப் பாத்துட்டு வர்றேன், நீ எங்கனா சுத்திட்டு வான்னு சொல்லுவேன். இவ ஆஸ்பத்திரிக்கு ஓடுவா. நான் திரும்பி வந்து ஸ்டேஷன் பெஞ்சுல குந்திகினு இருப்பேன்."

டம்ளர்களைக் கவிழ்த்துவிட்டு ஞானம்மா வந்துகொண்டிருந்தாள். பாஸ்கல் பழையபடி தூண் ஆவதற்கு முன் அவசரமாகச் சொல்லி முடித்தார்:

"பாத்துட்டு வந்து இடது பக்கம் குந்துவா இல்ல? கொயந்த யாரு ஜாடைன்னு அப்ப கேட்டுக்குவேன்."