தூங்குமூஞ்சி மரத்து முட்டை

"மரத்தை வெட்டச் சொல்ற மனுவுல முதல் கையெழுத்து என்னுது சார். இன்னிக்கே சாய்ச்சிடுங்க!"

மாடிப்படியில் நின்று கத்தினார் பல் செட் செய்பவர். பல் அச்சுக்குப் பிளாஸ்டர் மாவு கரைத்த கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்திருந்தார். குடியிருப்பு வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தை அவர் அளவுக்குத் திட்டியவர்கள் யாருமில்லை.

"ஈவு இரக்கம் இருக்கா உங்களுக்கு?" மரத்தைக் கட்டிக்கொள்ளாத குறையாக நின்ற அவர் மனைவி சீறினாள். "தினமும் எத்தனை பறவை வந்துட்டுப் போகுது!"

"போறதெல்லாம் என் ஸ்கூட்டர் மேலதான்!"

குடியிருப்புச் சங்கத்தின் செகரட்டரிக்கு ஏகக் குஷி. மாதக் கடைசியோடு அவர் பதவி முடிகிறது. அதற்குள் மரம் இருக்கும் இடத்தில் கார் ஷெட் போட்டு, முகப்பில் தன் பெயரைப் பொறித்துவிட வேண்டும். அடுத்து வரப்போகும் டீச்சரம்மா ஓர் இலையைக்கூடத் தொடவிட மாட்டார்.

மரம் வெட்டுகிறவர் கயிற்றோடு ஏறினார். ஏறிய வேகத்திலேயே இறங்கினார்.

"கூட்டுல மூணு முட்டை சார். ஒரே அச்சுல வார்த்த மாதிரி அவ்வளவு அழகு! குஞ்சு பறக்கிற வரைக்கும் நான் கத்தி வைக்க மாட்டேன். எனக்கும் மூணு பிள்ளைங்க."

"ஒரு நல்ல காரியம் நடக்க விடுறாங்களா!" பல் செட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கையிலிருந்த வெள்ளை மாவு நெற்றியெல்லாம் அப்பிக்கொண்டது.

இருபது நாள் ஓடியது. மாதம் முடிய இரண்டே நாள் இருக்கையில், செகரட்டரி தானே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன முட்டைய்யா அது? பொரிக்கவும் இல்ல, அழுகவும் இல்ல. போன வாரம் பூரா மொட்டை மாடியில நின்னு பார்த்தேன், ஒரு பறவைகூட வந்து உக்காரலை. யாரோ விளையாடறாங்க. உங்க சம்சாரம் மேலதான் எனக்குச் சந்தேகம்."

"அவளா? நாற்காலி மேல ஏறினாலே தலை சுத்துற ஆள் சார் அவ!" பல் செட்டுக்காரர் சிரித்தார். ஏணி மரத்தில் சாய்ந்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "உங்க முட்டி வலிக்கு இதெல்லாம் எதுக்கு? தள்ளுங்க, நான் ஏறறேன்."

"வேண்டாம். டூப்ளிகேட்னு தெரிஞ்சா இப்பவே மரம் கீழே. வச்ச ஆளோட பேரு நோட்டீஸ் போர்டுல!"

செகரட்டரி ஏறினார். பல் செட்டுக்காரரின் மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். செகரட்டரி கூட்டுக்குள் கையை விட்டார்.

சடசடவென்று ஒரு புறா அவர் மூக்கை உரசிக்கொண்டு பறந்தது. ஏணி ஆடியது. கீழே கணவன் மனைவி இரண்டு பேரும் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

"வெதுவெதுன்னு இருக்குய்யா..." செகரட்டரியின் குரல் குழைந்திருந்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலு! நாலும் நல்லபடியா பொரிக்கட்டும். நான் பாவத்தைக் கட்டிக்க விரும்பலை. ஷெட்டை டீச்சரம்மாவே பார்த்துக்கட்டும்."

ஏணியோடு அவர் மறைந்ததும், மனைவி கணவனின் மாவு படிந்த கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கில்லாடிங்க நீங்க! நாலாவதை எப்ப செஞ்சு வச்சீங்க? எங்கிட்டகூடச் சொல்லலையே?"

பல் செட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார். புறா திரும்பி வந்து கூட்டில் அமர்ந்து, இறக்கையைத் தளர்த்தி வசதியாக அடங்கிக்கொண்டிருந்தது.

"நான் வார்த்தது மூணுதானே!"