வாடகைத் துடுப்பு

கடலுக்கடியில் மீன் பார்க்கப் போன என் மனைவி கோமளவல்லி, வாடகைக்கு எடுத்த ரப்பர் நீச்சல் துடுப்புகளில் ஒன்றை மட்டும் காலில் மாட்டிக்கொண்டு கரையேறினாள். மற்றது கரையோர அலையில் கழன்றுவிட்டதாம். "விடுங்க ஐயா, முன்பணத்துல கழிச்சுக்கறேன்," என்றாள் கடைக்காரப் பெண் ஜெனிட்டா. விலை கொடுத்துவிட்டால் அது வாங்கிய பொருளாகிவிடும்; திருப்பித் தந்ததாகாது. எங்கள் வீட்டில் அடுத்தவர் பொருளைத் திருப்பித் தராமல் இருந்ததில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, இடுப்பளவு நீரில் காலால் மணலைத் துழாவினேன். "நீச்சல் தெரியாத மனுஷன் எங்க போறீங்க? தொலைச்சவ நான்தானே," என்று பின்னாலேயே வந்தாள் கோமளம். "வாடகைச் சீட்டில் கையெழுத்துப் போட்டவன் நான்," என்றேன். "அப்போ கையைக் குடுங்க. நீங்களும் தொலைஞ்சா அதுக்கு யாரு கையெழுத்துப் போடறது?" நாலு பேர் பார்க்க அவள் கையை நான் பிடித்ததே இல்லை. பிடித்தேன். தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்த சின்னக் கை. ஓர் அலை வடிந்தபோது என் பாதத்தின் கீழே ரப்பர் வழுக்கியது. அது நகராதபடி அழுத்தி மிதித்துக்கொண்டேன். குனிந்து எடுக்க வேண்டுமானால் அந்தக் கையை விட வேண்டும். "ஏதாவது தட்டுப்பட்டுதா?" என்றாள். "இல்லை," என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம்."