கறுப்புச் சதுரம்

பழைய ஓவியத்தைத் துடைக்கும்போது, முந்தைய அழுக்குக்குச் சாட்சியாக ஒரு சிறு சதுரத்தைத் துடைக்காமல் விடுவோம். குச்சியில் சுற்றி எச்சிலில் நனைத்த பஞ்சுதான் எங்கள் கருவி. நேப்பிள்ஸில் இந்தத் தேவாலயத்து ஓவியத்தில் லாசர் கல்லறையிலிருந்து எழுகிறார். இடப்பக்க ஒளி அவர் முகத்தோடு நின்றுவிடுகிறது. அது எட்டாத வலது மூலையில் சதுரத்தை விட்டவள் என் மனைவி நுன்சியா. சோம்பு மிட்டாயைச் சப்பிக்கொண்டே துடைப்பாள். மார்ச்சில் இறந்தாள்.

ஜூனில் சதுரம் தினமும் சுருங்கியது.

"நீதானேப்பா தொடைக்கிற?" என்றார் பங்குச்சாமியார் அனியெல்லோ.

"நான் தொடவே இல்ல சாமி."

"அப்ப லாசரே எறங்கி வந்து தொடைக்கிறாரா? வெள்ளிக்கிழமை அதிகாரிங்க சோதனைக்கு வர்றாங்க. சதுரம் இல்லன்னா உன்னை இந்தப் படத்துப் பக்கமே விட மாட்டாங்க."

அவள் தொட்டவற்றில் எனக்கு மிச்சம் இந்தப் படம்தான்.

வியாழன் மாலை தேவாலயத்தை நானே பூட்டினேன். இருப்பது ஒரே சாவி. அது இரவு முழுவதும் என் சட்டைப்பையில் இருந்தது.

காலையில் சதுரம் இல்லை. ஒளி எட்டாத அந்த மூலை வெளிச்சமாக இருந்தது. சாரப் பலகையில் ஒரு பஞ்சுக்குச்சி கிடந்தது. வெளியே அதிகாரிகள் கதவைத் தட்டினார்கள். மறைப்பதற்காக அந்தக் குச்சியைக் கையில் எடுத்தேன்.

ஈரம் காயவில்லை. சோம்பு மணத்தது.