மூன்று தலையாட்டல்கள்

“என்ன அன்ரி, எங்கட ஆளையே தள்ளிப்போட்டியளே!”

பக்கத்து வீட்டு யோகா கிசுகிசுத்தது பரமட்டா நீதிமன்றத்தின் முன்வரிசை வரை கேட்டிருக்கும். பக்கத்தில் இருந்த சத்தியபாமா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். நெற்றியில் திருநீறோடு ஜூரிகளின் இருக்கைக்குப் போய்க்கொண்டிருந்த பெரியவர், வழக்கறிஞர் ‘வேண்டாம்’ என்றதும் முகம் கறுத்துத் திரும்பிப் போனார்.

விசயம் இதுதான். சத்தியபாமாவின் ஒரே மகன் கஜீவன், மனைவி ராகவியின் தாடையை அடித்து உடைத்தான் என்று வழக்கு. பன்னிரண்டு ஜூரிகள் குற்றவாளி என்றால் சிறை. அவர்களைத் தெரிவு செய்யும்போது, காரணம் சொல்லாமலே மூன்று பேரைத் தள்ளிவிடும் உரிமை கஜீவனுக்கு உண்டு.

ராகவி எங்கே ஒளிந்திருக்கிறாள் என்பதை ஆறு மாதமாக, ஊர்க்கதை எல்லாம் தெரிந்த யோகாவாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குமேல் என்ன சொல்ல?

யாரைத் தள்ளுவது என்பதைத் தாயைத் தவிர யார் சொல்வது? முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோடுவதில் வென்ட்வேர்த்வில் தமிழருக்குள் சத்தியபாமாவை மிஞ்ச ஆளில்லை. அவர் தலையசைக்காமல் அங்கே ஒரு கலியாணமும் ஒப்பேறாது. ராகவியைப் பார்த்து எடுத்ததும் அவர்தான். அதைப் பற்றி இப்போது யாரும் வாய் திறப்பதில்லை.

கஜீவன் கூண்டிலிருந்து அம்மாவைப் பார்ப்பான். அம்மா ‘வேண்டாம்’ என்று தலையாட்டினால் வழக்கறிஞரைக் கூப்பிடுவான். முதலில் தள்ளப்பட்டவர், கஜீவனைப் பார்த்து லேசாகச் சிரித்த தொப்பைக்காரர். அடுத்தது, கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வந்த ஒரு கிழவர். மூன்றாவது இந்தத் திருநீறு. கஜீவனின் கைமுஷ்டிகளையே முறைத்துப் பார்த்த கட்டைமுடிப் பெண்ணோ நிம்மதியாக உள்ளே போய் இருந்துவிட்டாள்.

இடைவேளையில் வழக்கறிஞர் பிரதீப்குமார் ஓடி வந்தார். “என்னம்மா பண்றீங்க? அந்த மூணு பேரும் நமக்குச் சாதகமா இருப்பாங்கன்னு எவ்வளவோ சொன்னேன். உங்க பையன் கேட்கவே மாட்டேங்கிறான்!”

“தம்பி, எங்கட ஆள் உள்ளுக்க இருந்தா எல்லாக் கதையும் நாளைக்கே கோயிலுக்கு வந்திடும். நீங்கள் சட்டத்தைப் பாருங்கோ. முகத்தை நான் பாக்கிறன்.”

“ஓம், அதுவும் சரிதான்” என்றாள் யோகா. கோயிலுக்குக் கதை கொண்டுபோவது வழக்கமாக அவளுடைய வேலை.

ஆறாம் நாள், ஜூரிகளின் சார்பில் அந்தக் கட்டைமுடிப் பெண்ணே எழுந்து சொன்னாள்: குற்றவாளி.

“அம்மா! உங்களை நம்பித்தானே…” என்று கத்திய கஜீவனைக் காவலர்கள் இழுத்துப் போனார்கள். சத்தியபாமா குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை.

பின்னேரம் யோகா இடியப்பமும் சொதியும் எடுத்துக்கொண்டு போனாள். ஆறுதல் சொல்லத்தான், கூடவே நாலு விசயம் தெரிந்தால் வேண்டாம் என்றா சொல்லப்போகிறாள்? வாசல் கதவு திறந்து கிடந்தது. வாழ்க்கையில் முதல் தரமாக அன்ரியின் முகக்கணிப்புப் பிழைத்துவிட்டதே என்று பாவமாக இருந்தது.

குசினிக்குள் அடுப்புப் பக்கம் நின்று சத்தியபாமா தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார்.

“அந்த மூண்டு பேரும் அவனைத் தப்பவிட்டிருப்பாங்கள், ராகவி. பாத்துப் பாத்துத்தான் தள்ளினனான். இனிப் பயப்பிடாமல் வீட்டை வா, பிள்ளை.”