வலது ஓரத்தில் ஓடுகிறவள்

தண்ணீர் தெளித்த கோவில்பட்டி மைதானத்தின் பச்சைத் தரையில் காலை வெயில் பட்டுக் கண் கூசுகிறது. என் மனைவியின் தங்கை மாரிச்செல்வி ஹாக்கி மட்டையோடு வலது ஓரத்தில் பறக்கிறாள். மூன்று பேர் பின்தங்குகிறார்கள். பந்து கோல் பலகையில் மோதும் சத்தம் கேட்கிறது. பள்ளியில் இவளைப் போலவே ஓடிய என் மனைவி சுதாராணி, ஏழு மாதத்துக்கு முன் மாடிப்படி ஏறும்போது இதயம் நின்று இறந்தாள். இது ரத்த உறவில் வரக்கூடியது, தங்கையின் இதயத்தையும் சோதித்துப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பயந்து நாள் கடத்தினேன். கல்லூரிப் பயிற்சியாளர் விளையாட்டு ஒதுக்கீட்டுச் சேர்க்கைப் படிவத்தை என்னிடம் நீட்டுகிறார். “இது காலா, காத்தாடியா தம்பி? உடம்புக்கு ஒண்ணுமில்லன்னு இங்கன ஒரு கையெழுத்துப் போடுங்க. சீட்டு இவளுக்குத்தான்.” செல்வி எங்கள் பக்கத்தில் வந்து, முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்குகிறாள். நிமிர நேரமாகிறது. அவள் கழுத்து நரம்பின் துடிப்பை எண்ணுகிறேன், எண்ணிக்கை தப்புகிறது. “என்ன அத்தான், பேயப் பாத்த மாதிரி நிக்கீங்க? போடுங்க, சார் மனசு மாறிரப் போவுது.” சிரிக்கிறாள். பேனாவை மூடுகிறேன். “மொதல்ல ஒன் நெஞ்சப் பாக்கணும் செல்வி. அக்காவப் பாத்த டாக்டர் அப்பவே சொன்னாரு.” அவள் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. “ஏழு மாசமா தெனமும் ஓடிக்கிட்டு இருக்கேனே அத்தான்” என்கிறாள்.