பட்டு வலையில் இரத்தக் குழாய்

பட்டு வலையில் செல்களை வளர்த்து மனித இரத்தக் குழாய் செய்துதர நான் சொன்ன விலை நாற்பதாயிரம் தினார். துனிஸ் கடைவீதிப் பட்டு வியாபாரியின் மகனான எனக்குக் குறைத்துச் சொல்ல நாக்கு வருமா?

பணம் தருவதா, என் ஆய்வை மூடுவதா என்று முடிவு செய்ய ஆய்வு நிறுவன இயக்குநர் லம்யா வந்தார். தட்டில் நான் பின்னிய, கண்ணாடி போல ஊடுருவிப் பார்க்கக்கூடிய பட்டு வலை. நுண்ணோக்கியில் இரத்தக் குழாய்ச் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு தெரிந்தன.

"பாருங்க மேடம், வலையில எப்படி ஒட்டிக்கிச்சு!"

"அடேயப்பா! வலையைக் கொஞ்சம் வெளிய எடுங்க ஹெதி."

இடுக்கியால் எடுத்தேன். அவர் மறுபடி குனிந்து பார்த்தார்.

"செல்லெல்லாம் இங்கேயே இருக்கே!"

அத்தனையும் வலைக்கு அடியில், வெறும் பிளாஸ்டிக் தட்டில் குடியேறியிருந்தன.

"அப்போ பணத்தை யாருக்குத் தரணும்? தட்டு செஞ்சவனுக்கா?"

தட்டின் கணக்கில் லட்சம் செல்கள். என் பட்டின் கணக்கில் பூஜ்யம்.